எட்டரை மணியா, எட்டரை சுமாரா? குழந்தை பார்க்கும் அக்காவோடு நேரம் பேசுவது

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும்போது சம்பளத்தை முக்கால் மணி நேரம் பேசுகிறோம். வேலை நேரத்துக்கு ஒரே வரிதான்: "காலையில எட்டரைக்கு வந்துடுங்க, சாயங்காலம் நாங்க வந்ததும் கெளம்பிடலாம்." இந்த வரியின் முதல் பாதியில் மணி இருக்கிறது, இரண்டாம் பாதியில் மணியே இல்லை. எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த அக்கா ஏழாவது மாதம் வேலையை விட்டுப் போனார். அதற்குக் காரணம் அந்த இரண்டாம் பாதிதான் என்று அவர் போன அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நாங்கள் சென்னை திருவான்மியூரில் இருக்கிறோம். எனக்கு சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, கணவருக்குக் கிண்டியில். 2017-இல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு உண்டு. அந்த 26 வாரம் முடியப் போகிற கடைசி பத்து நாளில்தான் நம்மில் பலர் ஆள் தேட ஆரம்பிக்கிறோம். அவசரத்தில் கிடைத்தவரிடம் கிடைத்த வார்த்தையில் நேரம் பேசிவிடுகிறோம். நான் அப்படித்தான் பேசினேன். அதற்குப் பிறகு நாலைந்து முறைகளை நாங்களே செய்து பார்த்தும், அடுக்ககத்தில் மற்ற வீடுகளில் நடப்பதைப் பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். எது யாருக்குப் பொருந்தும் என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் எனக்கென்று ஒரு முடிவு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கறார் நேரம்

முதல் முறை எல்லாருக்கும் தெரிந்தது. வர வேண்டிய மணி ஒன்று, அதைத் தாண்டினால் சம்பளத்தில் பிடித்தம். எங்கள் வீட்டில் எட்டரைக்கு வர வேண்டும், பத்து நிமிடம் வரை சரி, அதற்கு மேல் தாமதம் மாதத்தில் மூன்று முறைக்கு மேல் போனால் அரை நாள் சம்பளம் கழியும் என்று வைத்திருந்தோம். அலுவலகத்தில் எங்களுக்கு இருக்கும் விதியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

இதில் ஒரு நன்மை உண்டு. எட்டரைக்கு வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பியே ஆக வேண்டிய வேலையில் இருப்பவர்களுக்கு, உதாரணமாக மருத்துவமனை ஷிஃப்டில் இருக்கும் செவிலியருக்கோ பள்ளி ஆசிரியைக்கோ, "சுமார்" என்ற சொல்லே கட்டுப்படியாகாது. அவர்கள் மணியைக் கறாராகத்தான் சொல்ல முடியும்.

பிடித்தத்தில்தான் சிக்கல். கணக்கைப் பாருங்கள். மாதம் 18,000 ரூபாய், நாளுக்குப் பத்து மணி நேரம், 26 நாள். மொத்தம் 260 மணி நேரம், மணிக்கு ஏறத்தாழ 69 ரூபாய். கால் மணி நேரத் தாமதத்தின் விலை 17 ரூபாய் சொச்சம். அதற்கு அரை நாள் சம்பளமான 346 ரூபாயைக் கழிப்பது எந்தத் தராசிலும் நிற்காது. சரி, 17 ரூபாயை மட்டும் கழிக்கலாம் என்றால் அந்த 17 ரூபாய்க்காக முகம் சுளித்துக்கொண்டு பேச வேண்டும். அதுவும் எங்கே? வாசலில், குழந்தையை இடுப்பிலிருந்து அவர் கைக்கு மாற்றும் அந்த ஒரு நிமிடத்தில்.

அந்த நிமிடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் அவரிடம் கடுகடுவென்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு லிஃப்டுக்கு ஓடுகிறேன். நான் விட்டுப்போன கோபம் அந்த வீட்டிலேயே இருக்கிறது. அடுத்த பத்து மணி நேரம் அதோடு இருக்கப்போவது என் மகள். அந்த அக்கா ஒரு நாளும் அதைக் குழந்தையிடம் காட்டியதில்லை. அது அவருடைய குணம். அவர் குணத்தை நம்பி நான் வாசலில் கோபப்பட்டது தப்பு. தாமதத்தைப் பற்றி எந்த வீட்டில் எந்த முறையில் பேசினாலும் சரி, வாசலில் மட்டும் பேச வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் டீ போட்டு உட்கார்ந்து பேசலாம்.

இன்னொன்று, எந்தக் கடிகாரம்? எங்கள் அடுக்ககத்தில் கேட்டில் செக்யூரிட்டி செல்போன் செயலியில் பதிவு செய்தால் எங்களுக்குச் செய்தி வரும். அதில் 8:21 என்று இருக்கும். அக்கா எங்கள் கதவைத் தட்டும்போது 8:32. நடுவில் என்ன நடந்தது என்று ஒரு நாள் நானே கீழே நின்று பார்த்தேன். வேலைக்கு வருபவர்களுக்கு ஒரே ஒரு லிஃப்ட். பால், தண்ணீர் கேன், குப்பை, வேலைக்கு வரும் பன்னிரண்டு பேர், எல்லாம் அந்த ஒரு லிஃப்டில். பதினோரு நிமிடம் எங்கள் கட்டடத்துக்குள்ளேயே போயிருக்கிறது. அந்தப் பதினோரு நிமிடத்துக்கு அவரைத் தாமதம் என்று எழுதிவைத்தோம். கறார் நேரம்தான் வேண்டும் என்றால் கேட் நேரத்தைக் கணக்கில் எடுங்கள், அதுதான் நியாயம்.

அந்தத் தாள்கள்

சமையலறையில் தினசரி கிழிக்கும் காலண்டர் மாட்டியிருந்தோம். அவர் தாமதமாக வரும் நாளில் அன்றைய தாளின் ஓரத்தில் பென்சிலால் மணியைக் குறித்துவைப்பேன். மறுநாள் காலையில் தாளைக் கிழிப்பது அவர்தான். கிழித்த தாளைத் தூக்கிப்போடுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலையை விட்டு நின்ற அன்று, கணக்கு முடித்துச் சம்பளம் வாங்கிக்கொண்டு, தன் பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட சின்னக் கட்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். கிழித்த தாள்கள். முன்பக்கத்தில் நான் எழுதிய காலை மணி. பின்பக்கத்தில் அவர் எழுதிய சாயங்கால மணி. 7:05. 6:55. 7:20. 7:40. எட்டு மணியும் இரண்டு மூன்று நாள் இருந்தது. "ஒண்ணும் கேக்கறதுக்கு இல்லமா. நீங்களும் எழுதுனீங்க, நானும் எழுதுனேன்" என்றார்.

அன்று இரவு உட்கார்ந்து ஒரு மாதத் தாள்களைக் கூட்டினேன். காலையில் அவர் தாமதம் மொத்தம் இரண்டு மணி பத்து நிமிடம். சாயங்காலம் எங்கள் தாமதம் பதினொன்றே முக்கால் மணி நேரம். ஆறரைக்குப் பதிலாக ஏழேகாலுக்கு நான் வீட்டுக்குள் நுழையும்போது "சாரிக்கா, ஆபீஸ் போன் கால் முடியவே இல்ல" என்று சொல்வேன். சொன்னதோடு அது முடிந்துவிட்டதாக நினைத்திருக்கிறேன். அவருக்கு அங்கேதான் ஆரம்பம். ஆறரைக்குக் கிளம்பினால் ஏழரைக்குக் கண்ணகி நகர். ஏழேகாலுக்குக் கிளம்பினால் கூட்டத்தில் இரண்டு பஸ்ஸை விட்டு, எட்டரை ஆகிவிடும். அதற்குப் பிறகு உலை வைக்க வேண்டும். படுக்கப் பதினொன்று. மறுநாள் நாலரைக்கு எழுந்திருக்க வேண்டியவர்.

காலைத் தாமதத்தில் பாதி முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து வந்தது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, அந்தத் தாள்களின் இரண்டு பக்கத்தையும் பார்த்தால் கண்ணுக்கே தெரிகிறது.

மொத்த மணிக் கணக்கு

இரண்டாவது முறை இதற்கு நேர் எதிர். எட்டிலிருந்து ஒன்பதுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், வந்ததிலிருந்து பத்து மணி நேரம். எட்டு பத்துக்கு வந்தால் ஆறு பத்துக்குப் போகலாம். எங்கள் தளத்திலேயே ஒரு வீட்டில் இப்படித்தான். அங்கே அப்பா வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். காலையில் எட்டரையானாலும் ஒன்பதானாலும் குழந்தையைத் தூக்க வீட்டில் ஆள் இருக்கிறது. இரண்டு வருடமாக ஒரே அக்கா, ஒரு மனத்தாங்கல் இல்லை.

சென்னைக்கு இந்த முறை ரொம்பப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் பஸ். திருவான்மியூர், அடையாறு, ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் வீட்டு வேலைக்கு வருபவர்களில் நிறையப் பேர் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளிலிருந்து வருகிறார்கள். ஊருக்குள் இருந்த குடிசைகளை எடுத்து அங்கே குடியமர்த்தியபோது, நடந்து போய்க்கொண்டிருந்த வேலைக்குப் பஸ் பிடித்துப் போக வேண்டியதாகிவிட்டது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம். மாதம் ஆயிரம் ரூபாய் பக்கம் மிச்சமாகிறது என்று எங்கள் வீட்டு அக்காவே சொல்கிறார். ஆனால் இலவச பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். முன்னால் ஒரு டீலக்ஸ் வந்து போகும், ஒரு ஏசி பஸ் வந்து போகும், பிங்க் பஸ் மட்டும் வராது. ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் எந்த பஸ் எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இருபது நிமிடம் முன்னே பின்னே ஆவதற்கு அவர் பொறுப்பில்லை என்பதை இந்த முறை முதலிலேயே ஒப்புக்கொள்கிறது.

ஆனால் இரண்டு பேரும் குறிப்பிட்ட மணிக்குக் கிளம்ப வேண்டிய வீட்டில் இது ஓடாது. நாங்கள் மூன்று வாரம் முயன்றோம். தினமும் காலையில் நானும் கணவரும் யார் முதலில் போவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம்.

இங்கே ஒரு சின்ன யோசனை. காலையில் மணிதான் முக்கியம் என்றால் டீலக்ஸ் பஸ் காசையோ ஷேர் ஆட்டோ காசையோ நாமே கொடுத்துவிடலாம். தினமும் வேண்டாம். "எட்டு மணிக்கு மேல ஸ்டாப்ல நிக்காதீங்க, வர்ற எதிலாவது ஏறிடுங்க, காசு நான் தர்றேன்" என்று சொல்லிவைத்தால் போதும். எங்களுக்கு மாதத்தில் இருநூறு ரூபாய்க்கு மேல் இதற்குப் போனதில்லை.

முன்கூட்டியே வரும் அரை மணி

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது மூன்றாவது முறை. நாங்கள் கிளம்பும் நேரம் ஒன்பது. அக்கா வரும் நேரம் எட்டரை. நடுவில் அரை மணி நேரம் வீட்டில் மூன்று பெரியவர்கள். அந்த அரை மணிக்கும் சம்பளம் உண்டு. 26 நாளைக்கு 13 மணி நேரம், 69 ரூபாய் கணக்கில் மாதம் 900 ரூபாய் அளவு. வீணாகக் கொடுக்கும் காசு போலத் தோன்றும். எனக்கு இந்த 900 ரூபாய்தான் மாதச் செலவிலேயே நிம்மதியான செலவு.

அவர் எட்டு நாற்பதுக்கு வந்தாலும் யாரும் மூச்சு வாங்க ஓட வேண்டியதில்லை. எட்டரைக்கு வந்தால் அவர் கைகால் கழுவி, டீ குடித்து, குழந்தை இரவு எப்படித் தூங்கினாள், காலையில் எத்தனை இட்லி இறங்கியது, மருந்து ஏதாவது உண்டா என்று கேட்டுக்கொள்ள நேரம் இருக்கிறது. முக்கியமாக என் மகளுக்கு. பதினெட்டு மாதத்தில் அவளுக்கு அம்மா கிளம்புவதற்கும் அக்கா வருவதற்கும் சம்பந்தம் உண்டு என்று புரிந்துவிட்டது. முன்பெல்லாம் லிஃப்ட் சத்தம் கேட்டாலே அழுவாள், கதவு திறந்தால் அடுத்த நிமிடம் அம்மா இல்லை என்பது அவள் கணக்கு. இப்போது அக்கா வந்த பிறகும் அம்மா அரை மணி நேரம் வீட்டில் இருக்கிறாள். அழுகை நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் லிஃப்ட் சத்தத்துக்கு இப்போது கதவுப் பக்கம் ஓடுகிறாள்.

இந்த முறைக்கும் ஒரு கெடுதல் உண்டு. அந்த அரை மணியை நாம் தின்றுவிடுவோம். "அக்கா எட்டரைக்கே வந்துடறாங்களே, நான் இன்னிக்கு எட்டே முக்காலுக்குக் கெளம்பறேன்" என்று ஆரம்பித்தால், ஒரு மாதத்தில் எட்டரைக்கே கிளம்பும் பழக்கம் வந்துவிடும். பிறகு மறுபடி கறார் நேரம்தான். அந்த அரை மணியைக் கையிருப்பு போல வைத்திருக்க வேண்டும், தொடவே கூடாது.

வீட்டோடு தங்குவது

ஏஜென்சி மூலம் வீட்டோடு தங்கும் ஆளை வைத்தால் நேரத் தகராறே இல்லை என்பார்கள். தாமதம் இல்லை, பஸ் இல்லை, மழை இல்லை. இரவு ஷிஃப்ட், இரட்டைக் குழந்தை, பெற்றோரில் ஒருவர் வெளியூர் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை, அதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆனால் வரும் மணி இல்லாத வேலைக்குப் போகும் மணியும் இல்லை. காலை ஆறுக்குக் குழந்தை எழுந்தால் அவர் எழுகிறார். இரவு பதினொன்றுக்குக் குழந்தை அழுதால் அவர்தான் தூக்குகிறார். நடுவில் மத்தியானம் குழந்தையோடு சேர்ந்து கண் அசந்த ஒரு மணி நேரத்தை "ரெஸ்ட் எடுத்துட்டாங்க" என்று நாம் கணக்கு வைக்கிறோம். குழந்தை சிணுங்கினால் எழுந்துவிட வேண்டும் என்று காதைத் திறந்துவைத்துக்கொண்டு படுப்பது ஓய்வாகுமா? 2011-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளர்களுக்காகக் கொண்டுவந்த 189-ஆவது உடன்படிக்கை இதைத் தொடுகிறது. கூப்பிட்டால் வர வேண்டியவராக வீட்டிலேயே இருக்கும் நேரமும், அந்தந்த நாட்டுச் சட்டம் சொல்லும் அளவுக்கு, வேலை நேரம்தான் என்கிறது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் நம் வீட்டில் அதைச் செய்ய யாரும் தடை சொல்லப் போவதில்லை.

தங்கும் ஆளை வைப்பவர்கள் வரும் மணியைப் பேச வேண்டியதில்லை, ஆனால் மூன்று மணிகளைக் கட்டாயம் பேசுங்கள். இரவு எத்தனை மணிக்கு மேல் குழந்தை உங்கள் பொறுப்பு, பகலில் எந்த இரண்டு மணி நேரம் அவர் கதவைச் சாத்திக்கொள்ளலாம், வாரத்தில் எந்த நாள் அவர் நாள். இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் ஆள் வைத்தால் மூன்று மாதத்துக்கு மேல் யாரும் நிற்பதில்லை. எங்கள் அடுக்ககத்தில் ஒரே வீட்டில் ஒரு வருடத்தில் நாலு பேர் மாறியதைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அந்தக் குழந்தை புது முகத்துக்குப் பழக வேண்டியிருந்தது.

காலைக்கு ஒருவர், மத்தியானத்துக்கு மேல் ஒருவர் என்று இரண்டு பேர் வைப்பது இன்னொரு வழி. ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் சமாளிப்பார். செலவு கூடும், சின்னக் குழந்தைக்கு இரண்டு கை பழக நாளாகும். ஒன்றரை வயதுக்கு மேல் நன்றாக ஓடுகிறது.

டே கேர் பற்றியும் ஒரு வார்த்தை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்துவரலாம் என்பது அதே 2017 திருத்தத்தில் வந்தது. அங்கே நேரம் தவறுவது நாம்தான், ஆறரைக்கு மேல் எடுக்கப் போனால் கூடுதல் கட்டணம் போடுகிறார்கள், மறுபேச்சில்லாமல் கட்டுகிறோம். அதையே வீட்டுக்கு வரும் அக்காவுக்குக் கொடுக்க நமக்குத் தோன்றுவதில்லை.

சாயங்கால மணி

என் முடிவு இதுதான். காலையில் அரை மணி கூட்டிவைத்த மூன்றாவது முறை, அதோடு சாயங்காலம் கறார். கறார் நமக்கு. ஆறரை என்றால் ஆறரை. நான் வர முடியாது என்றால் ஐந்தரைக்குள் போன் செய்து கேட்க வேண்டும். "கொஞ்சம் இருங்க" என்று சொல்வது கணக்கில் வராது. "இருக்க முடியுமாக்கா?" என்று கேட்க வேண்டும், முடியாது என்றால் அதோடு பேச்சு முடிந்தது. அன்றைக்குக் கணவரோ, கீழ் வீட்டுப் பாட்டியோ பார்த்துக்கொள்வார்கள். முடியும் என்றால் அரை மணிக்கு 60 ரூபாய். மாதக் கணக்கில் சேர்க்காமல் அன்றன்றைக்கே கையில். மாதக் கடைசியில் கொடுத்தால் எத்தனை என்று அவர் ஞாபகம் வைத்திருந்து கேட்க வேண்டும். கேட்கக் கூச்சப்படுவார், நாமும் மறந்துவிடுவோம்.

இந்த 60 ரூபாய் வந்த பிறகு நான் ஆறரைக்கு வீட்டில் இருக்கும் நாட்கள் கூடிவிட்டன. காசு பெரிதில்லை. ஆனால் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தால் சாயங்காலம் ஐந்து மணி மீட்டிங்கில் "எனக்கு ஆறு மணிக்கு மேல் முடியாது" என்று சொல்ல வாய் வருகிறது.

2018-இல் தமிழக அரசு வீட்டுப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 37 ரூபாயிலிருந்து என்று மணிக்கணக்கில் அறிவித்தது. தொகை எவ்வளவு என்பதைவிட மணி என்ற அளவுகோல் எனக்கு முக்கியமாகப் பட்டது. மாதச் சம்பளம் என்று பேசும்போது பத்து மணி நேரம் பதினொன்று ஆவது கண்ணுக்குத் தெரியாது. மணிக்கு இவ்வளவு என்று ஒரு முறை வகுத்துப் பார்த்துவிட்டால் மறக்க முடியாது.

கேட்க மறந்த கேள்வி

இரண்டாவதாக வந்த அக்கா செம்மஞ்சேரியிலிருந்து வருகிறார். அவரோடு முதலில் பேசிய நேரம் எட்டு மணி. முதல் இரண்டு வாரம் தினமும் எட்டு இருபது, எட்டு இருபத்தைந்து. இந்த முறை நான் காலண்டரில் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் போட்டுக் கேட்டேன்: "அக்கா, காலையில உங்க வீட்டுல என்னென்ன வேலை, எப்பெப்ப நடக்குது, சொல்லுங்களேன்."

நாலரைக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும். ஆறுக்குள் சமையல். பையன் மூன்றாம் வகுப்பு, அரசுப் பள்ளி. அங்கே முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் டிபன் போடுகிறார்கள், அதற்குள் அவனைக் கொண்டுபோய் விட வேண்டும். விட்ட பிறகுதான் பஸ் ஸ்டாப். எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் இருக்க வேண்டுமென்றால் பையனை ஆறரைக்கு மூடிய பள்ளி கேட்டில் நிறுத்திவிட்டு வர வேண்டும். முதல் நாள் நான் "எட்டு" என்றபோது சரி என்று தலையாட்டியது வேலை வேண்டும் என்பதற்காக. அந்த நேரத்துக்கு வரவே முடியாது என்பது அவருக்கு அன்றைக்கே தெரியும்.

எட்டு மணியை எட்டரையாக்கினோம். என் கணவர் அலுவலகத்தில் பேசி அரை மணி தள்ளிப் போகிறார். அதற்குப் பிறகு தாமதம் என்று சொல்லும்படி வந்தது மாதத்தில் ஒன்றிரண்டு நாள்தான், அதுவும் ஏழரைக்குள் மிஸ்டு கால் வந்துவிடும். நேரம் பேசும்போது நம் மணியைச் சொல்வதற்கு முன் அவர் வீட்டு மணியைக் கேட்டுவிட்டால் பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

தாளில் எழுதியது

ஒரு பக்கத் தாளில் தமிழில் எழுதி, சத்தமாகப் படித்துக்காட்டி, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொண்டோம். வரும் நேரம், போகும் நேரம், கேட் நேரம்தான் கணக்கு, மத்தியானம் குழந்தை தூங்கும்போது அவர் சாப்பிட்டுப் படுப்பதும் வேலை நேரத்தில் சேர்த்தி, ஞாயிறு விடுமுறை, சம்பளம் ஒன்றாம் தேதி. ஒன்றாம் தேதி என்று எழுதியதும் நேரம் தவறாமைதான், அது எங்கள் பக்கத்தது.

விடுப்புக்கு ஒரு தனிப் பத்தி. பொங்கல், தீபாவளி எல்லாரும் எழுதுவார்கள். ஆடி மாதம் அவர்கள் தெருக் கோயிலில் கூழ் ஊற்றும் நாளை முன்கூட்டியே கேட்டு எழுதிவைத்தோம், அன்றைக்கு நான் லீவு போடுகிறேன். சாவு வீட்டுக்கு முன்னறிவிப்பு கேட்கக் கூடாது என்றும் எழுதினோம்.

அதிகம் யோசித்தது மழைக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமெல்லாம் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. அப்படிப்பட்ட நாளில் யாரும் யாரையும் எதிர்பார்க்க மாட்டார்கள். குழப்பம் நடுத்தர மழையில்தான். காலை ஆறரைக்குக் கலெக்டர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கிறார். எங்களுக்கு அலுவலகம் உண்டு. அக்காவால் வரவும் முடியும், பஸ் ஓடுகிறது. ஆனால் அவர் பையனுக்கும் பள்ளி இல்லை. எட்டு வயதுப் பையனைத் தனியாக வீட்டில் பூட்டிவிட்டு என் மகளைப் பார்த்துக்கொள்ள வா என்று நான் எப்படிச் சொல்வது? பள்ளி விடுமுறை அறிவித்தால் பையனைக் கூட்டிக்கொண்டு வரலாம், ஆட்டோ காசு எங்களுடையது, வர முடியாவிட்டால் சம்பளம் கழியாது என்று எழுதினோம். போன நவம்பரில் மூன்று நாள் அவன் வந்தான். வீட்டுப்பாடம் எழுதிவிட்டு, மத்தியானம் என் மகளுக்குக் கட்டைகளை அடுக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். இன்னும் அவள் அவன் பெயரைச் சொல்லிக் கேட்கிறாள்.

தாமதம் தொடர்ந்தால் என்ன என்பதையும் எழுதாமல் விடவில்லை. ஒரு வாரத்தில் மூன்று நாள் கால் மணிக்கு மேல் போனால் அந்த சனிக்கிழமை உட்கார்ந்து பேசுவது. இரண்டு மாதம் பேசியும் நேரம் ஒத்துவரவில்லை என்றால், ஒரு மாத முன்னறிவிப்போடு பிரிவது, வேறு வீடு பார்த்துத் தருவது. சாயங்காலம் நாங்கள் ஒரு வாரத்தில் மூன்று நாள் தவறினாலும் இதே பேச்சுதான், உட்காரச் சொல்வது அவராக இருப்பார். இதுவரை ஒரு முறை அப்படி உட்கார வைத்திருக்கிறார். மார்ச் மாதம், எனக்கு ஆபீஸில் மென்பொருள் ரிலீஸ் வேலை நடந்த வாரம். டீ அவர்தான் போட்டார்.

வருகிற ஜூனில் மகள் ப்ளேஸ்கூல் போகிறாள், ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை. அந்த மூன்று மணி நேரத்துக்குச் சம்பளம் குறையுமா என்று அக்கா போன வாரம் தயங்கித் தயங்கிக் கேட்டார். குறையாது என்றேன். கொண்டுவிட்டுக் கூட்டிவரும் பொறுப்பு அவருடையது, நடுவில் அவர் வேறு எங்கேயும் போய் வேலை செய்ய முடியாது. பையனும் நாலாம் வகுப்புக்குப் போகிறான். புதுத் தாள் எழுத வேண்டும். முதல் வரியாக அவன் பள்ளி நேரத்தை எழுதிவைத்திருக்கிறோம். எங்கள் வீட்டு நேரத்தை அதற்குக் கீழே இந்த ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறோம்.